பூதத்தின் பின்பாதி

சுவரில் வெள்ளைத் துணி கட்ட மாப்பிள்ளைப் பையன் ஆணி கேட்டபோது, நாற்காலிக் கடைக்காரர், "ஆணியா? வீட்டுல இல்லையே" என்று சொல்லிவிட்டார்.

நாற்காலி செய்து விற்கிறவர் வீட்டில் ஆணி இல்லை என்றால் யார் நம்புவார்கள்? கட்டின மனைவியே நம்பவில்லை. உள்ளே போய் டப்பா நிறைய ஆணியைக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்காரர் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழிக்கும்போதெல்லாம் காதைப் பிடிப்பது அவர் வழக்கம்.

"சம்பந்தி வீட்டார் எதிர்லயா இப்படிப் பொய் சொல்லுவீங்க?" என்று சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் போடப்போற படம் என்னன்னு தெரியுமா? சேத்துப் பூதம்."

அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க பின்னங்காலா நடிச்ச படமா?"

"மெதுவா பேசு."

கல்யாணத்துக்கு முன்னால் கடைக்காரர் ஒரு சினிமாக் கம்பெனியில் தச்சுவேலை பார்த்தார். அங்கே எடுத்த பேய்ப்படத்தில் பூதத்தின் தோலுக்குள் இரண்டு பேர். முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். கடைசிக் காட்சியன்று பின்னங்காலுக்குக் காய்ச்சல். கையில் சுத்தியலோடு நின்றிருந்த இவரைப் பிடித்து உள்ளே திணித்தார்கள். முன்னங்கால்காரருக்குக் காலையிலேயே ரப்பர்த் தலையை மாட்டி ஒட்டியாகிவிட்டது. அவர் முகத்தை இவரும் பார்க்கவில்லை, இவர் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் முதல்ல இடது காலை எடுத்து வைக்கணும்" என்றுதான் டைரக்டர் சொன்னார். முதல் சினிமா வாய்ப்பாயிற்றே என்று இவர் வலது காலை எடுத்து வைத்தார்.

பூதம் இடுப்போடு கிழிந்தது. முன்பாதி தலைகுப்புற ஏரிக்குள் விழுந்தது. பின்பாதி கரையில் நின்றது. மீதிப் பூதம் எங்கே போயிற்று என்று இவர் சேறு படிந்த முகத்தை வெளியே நீட்டி, காதைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதையும் கேமரா எடுத்துக்கொண்டது. திரும்ப எடுக்கலாம் என்றால் வேறு தோல் இல்லை.

தியேட்டரில் அலற வேண்டிய இடத்தில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படம் பெட்டிக்குள் போயிற்று. "அந்தப் பின்னங்கால்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும்" என்று தண்ணீருக்குள்ளிருந்து ரப்பர்த் தலை கத்தியதைக் கேட்டுப் படம் எடுத்த அன்றைக்கே ஓடியவர்தான். அந்தப் பக்கமே அப்புறம் போகவில்லை.

அது போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே சம்பந்தி கேட்டுவிட்டார். சம்பந்தி ஒரு ஆடிட்டர். சிரித்தால் செலவு என்று நினைக்கிற முகம்.

"உங்க பக்கம் யாராவது சினிமாவுல இருந்தாங்களா? எனக்கு சினிமான்னாலே ஆகாது."

"சேச்சே, எங்க வீட்டுல சினிமாவே பாக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர்.

நல்ல சம்பந்தம். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது, பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒரு பொய்யில் முடிகிற காரியம் என்று நினைத்தார். ஆனால் மாப்பிள்ளைப் பையன் மனம் இளகிவிட்டது. சினிமாவே பார்க்காத மாமனாரா என்று இரக்கப்பட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம்காட்டும் கருவியோடு, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கவனிப்பாரில்லாமல் போன படங்களைத் தேடிப்பிடித்து எழுதுவது அவன் பொழுதுபோக்கு.

"யாரும் கண்டுக்காம விட்ட படம், மாமா. ஆனா இன்னொரு தடவை பாக்க வேண்டிய படம்" என்றான். "கடைசியில பூதம் ரெண்டா பிரியும். பாதி தண்ணிக்குள்ள போகும், பாதி கரையில நின்னு பாக்கும். மனுஷன் எங்க போனாலும் பாதி மனசு வீட்டுலயே நிக்குதுன்னு டைரக்டர் சொல்றாரு. அந்தக் கரையில நிக்கிற முகத்துல என்ன ஏக்கம் தெரியுமா?"

"ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் ஆடிட்டர். "அதைச் சுருட்டி வெச்சிட்டுக் கல்யாணத் தேதியைப் பேசு."

கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அதானே" என்றார். பையன் கேட்கவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டான். ஆடிட்டர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

படம் பாதியில் இருக்கும்போது கடைக்காரர் நைசாக எழுந்து போய் ஃப்யூஸைப் பிடுங்கினார். வீடு இருண்டது.

"விட்டது தொல்லை" என்றார் ஆடிட்டர்.

கடைக்காரர் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் செலவழித்து மின்சாரம் படிக்கவைத்த மகளை மறந்துவிட்டார். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"யாரோ ஃப்யூஸைப் பிடுங்கியிருக்காங்கப்பா. மாட்டிட்டேன்."

அவளது கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மாப்பிள்ளைக்கு உற்சாகம் பொங்கியது. "மாமா பின்னாடி உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது" என்று கடைக்காரரை இழுத்துவந்து துணிக்கு நேர் எதிரே முதல் நாற்காலியில் உட்கார வைத்தான். அது அவரே செய்த நாற்காலி. அன்றைக்கு முள்ளாகக் குத்தியது.

திரையில் ஏரிக்கரை வந்தது.

"மாப்பிள்ளை, அந்த ரிமோட்டைக் குடுங்க. சத்தம் போதல" என்று வாங்கிக்கொண்டார். பூதத்தை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவது என்று திட்டம். பட்டனை அழுத்தினார்.

படம் நின்றது. சுவர் முழுக்க, சேறு படிந்த ஒரு முகம் இடது காதைப் பிடித்துக்கொண்டு முழித்தது. அதற்குக் கீழே, முதல் நாற்காலியில், அதே முகம் அதே காதைப் பிடித்துக்கொண்டு முழித்தது.

மகள் சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... அது நீங்களா?"

இனி ஒளித்து என்ன? கடைக்காரர் எழுந்து ஆடிட்டர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

"நான்தாங்க அந்தப் பின்னங்கால். படம் படுத்ததும் என்னாலதான். ஏக்கமெல்லாம் இல்ல மாப்பிள்ளை, கால் தப்பிப்போச்சு. பொய் சொன்னது என் தப்பு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க சம்பந்தி, பொண்ணை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

ஆடிட்டர் எழுந்தார். கடைக்காரரைச் சுற்றி வந்து, பின்னாலிருந்து ஒரு முறை பார்த்தார்.

"கொஞ்சம் நடங்க" என்றார்.

"எங்கேங்க?"

"சும்மா, நேரா நடங்க."

வீட்டைவிட்டே போகச் சொல்கிறாரோ என்று கலங்கியபடி கடைக்காரர் வலது காலை எடுத்து வைத்தார்.

அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்த ஆடிட்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பையன் பதறிப்போய்ப் பிடித்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பூத முகத்தின்மேலேயே சாய்ந்து சிரித்தார். பெற்ற பிள்ளையே அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தான். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஏன் வந்தது என்றுதான் தெரியவில்லை.

ஆடிட்டர் மனைவி கடைசி பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஏங்க, 'அந்தப் பின்னங்கால்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும்'னு கல்யாணமான நாளா என் உயிரை எடுத்தீங்களே, இப்ப சம்பந்தியாவே கிடைச்சிருக்காரு, சிரிச்சா எப்படி?"