முளைத்ததா என்று பார்ப்பவர்

விதை போடுகிறவர்கள் ஓர் இனம். போட்ட விதை முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனம் இல்லாத ஊர் கிடையாது. எங்கள் பாத்கென் மலை வட்டாரத்தில் அதற்குத் தலைவர் தாபில்தி.

மலைச்சரிவு இடிந்து மூன்று தொழுவங்களை விழுங்கியதும், அங்கே காட்டு ஆப்ரிகாட் நட்டு மண்ணைப் பிடித்து நிறுத்த ஊர் முடிவு செய்தது. கொட்டைகளை முளைக்கவைக்கும் பொறுப்பு தாபில்திக்கு. என்ன பெரிய வேலை? இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். ஒரு பெட்டியில் ஈர மணலில் புதைத்து நிலவறைக் குளிரில் மூன்று மாதம் வைக்க வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் அவருக்கு வரவில்லை.

தேநீருக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம் கொட்டையைத் தோண்டியெடுத்து, துடைத்து, முகர்ந்து, காதருகே குலுக்கி, அப்படியும் சந்தேகம் தீராமல் ஒன்றை உடைத்தும் பார்த்து, உள்ளே உயிர் இருக்கிறது என்று அறிவிப்பார். இருந்தது. உடைக்கும் வரை.

முதல் குளிர்காலத்தில் தப்பியவையும் அழுகின. அடுத்த ஆண்டு ஆலங்கட்டி மழை பிஞ்சுகளை உதிர்த்துவிட, தேறியது ஒரே மூட்டைக் கொட்டை. சரிவுக்கு நேர் கீழே இருப்பதோ தாபில்தியின் வீடு. அவர் மனைவி சைரகுலுக்குத் தூக்கம் போயிற்று. யோசித்தாள். பழப்பானத்துக்கு வேகவைத்த ஆப்ரிகாட்டின் கொட்டைகளை அவர் பெட்டியில் புதைத்தாள். நல்ல கொட்டைகளைத் தங்கை உல்கானின் நிலவறைக்குக் கடத்தினாள்.

வெந்த கொட்டைகளை அவர் மூன்று மாதம் பரிசோதித்தார். நேற்று சோம்பலாக இருந்தனவாம், இன்று உப்பியிருக்கின்றனவாம். தேநீர்க்கடையில் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடந்தது. சைரகுல் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

மார்ச் வந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. மனிதர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பெட்டி முன் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் சைரகுல் அவரை உல்கான் வீட்டுக்கு அழைத்துப்போய் உண்மையைச் சொன்னாள். மணலை விலக்கினால், ஓடு வெடித்து, வெள்ளை வெளேரென்று வேர்கள்.

"நான் ஒண்ணும் பண்ணல மச்சான். மூடியத் தொடாம இருந்தேன், அவ்வளவுதான்," என்றாள் உல்கான்.

தாபில்தி ஒரு கொட்டையை எடுத்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்தார். "நான் அந்தப் பொட்டிய தெனம் கிளறலேன்னா, நீங்க இந்தப் பொட்டிய சும்மா விட்டுருப்பீங்களா?"

சைரகுல் அவர் கையிலிருந்த கொட்டையைப் பிடுங்கி மணலுக்குள் வைத்தாள்; உல்கான் பெட்டியை மூடினாள்.

இன்று சரிவில் கன்றுகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. சைரகுல் சுற்றிலும் முள்வேலி போட்டுப் பூட்டும் தொங்கவிட்டிருக்கிறாள். ஆடுகளுக்காகவாம். எந்த ஆடு பூட்டைத் திறக்கும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் தொட்டியில் கொத்தமல்லி விதைத்தீர்களே, அந்த விரலைக் கொஞ்சம் காட்டுங்கள். நகத்தில் என்ன அது, இன்றைய மண்ணா?