ஷீப்ஷாங்க்ஸ் பரம்பரை

மகிமாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி முடிவதற்குள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் என்று சீர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். அவள் அப்பா தேவப்பிரியம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்: பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘ஷீப்ஷாங்க்ஸ்’.

மூட்டை தூக்கிய தாத்தாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன பெயர் அது. துரையின் ரத்தமே தங்கள் உடம்பில் ஓடுகிறது என்பது தேவப்பிரியத்தின் சொந்தச் சரக்கு.

"எங்களுது இங்கிலீஷ்காரன் ரத்தம். பொண்ணோட அந்தப் பெருமைய அனுப்புறேன். அதுக்கு மேல இன்னா சீரு?"

மாப்பிள்ளை பெனிட்டோவுக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. அப்பா இல்லை. சித்தப்பா செபாஸ்தியான்தான் பேசினார். அம்மா ரோஸ்மேரி வாயே திறக்காமல் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிறு செபாஸ்தியான் மட்டும் வந்தார். முகம் சரியில்லை. பெனிட்டோ பிரவுசிங் சென்டரில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறான்.

"ஆட்டுக்காலுன்னு அர்த்தமாமே? குச்சிக் கால்காரனுக்கு ஊரு வச்ச பட்டப்பேராம்."

தேவப்பிரியம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். குதிரையைவிட்டு இறங்காத பரம்பரை என்றும், நடந்தால்தானே காலில் சதை போடும் என்றும் விளக்கினார். செபாஸ்தியான் அதை ஒருவழியாக விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வந்தார். பட்டப்பெயர் என்றால் கண்டவனுக்கும் இருக்குமே, அதில் என்ன பெருமை?

"லண்டன்லயே விரல் வுட்டு எண்ணிடலாம்" என்றார் தேவப்பிரியம். "இந்தப் பேரு எவனுக்குக் கீதோ அவன் எங்க ரத்தம். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, அவ்ளோதான்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று செபாஸ்தியான் அதையே பாஸ்டர் முன்னால் சொல்லச் சொன்னார். தேவப்பிரியம் சொன்னார். செபாஸ்தியான் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னார். மகள் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில், கண்ணை மூடிக்கொண்டு அதையும் செய்தார்.

"அப்ப சீரு வேணாம், பெருமையே போதும்" என்றார் செபாஸ்தியான்.

தேவப்பிரியத்துக்கு உயிர் வந்தது. பிரியாணி அண்டாவைத் திறக்கச் சொல்லி எழுந்தார். அப்போதுதான் ரோஸ்மேரி முதன்முதலாக வாய் திறந்தார்.

"அந்தத் தொர ஹார்பர்ல மூட்ட தூக்குன பாதிப் பேருக்கு ஞானத்தகப்பனா நின்னவரு. எங்க தாத்தாவுக்கும் அவருதான் நின்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ரோஸ்மேரி ஷீப்ஷாங்க்ஸ்தான்."

தேவப்பிரியம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தம்னு எனக்குத் தெரியாம போச்சு, இன்னிக்கு நீங்க பைபிள் மேல கை வச்சு சொன்னீங்க. கட்டிலு பீரோல்லாம் வேணாம்ணே, உங்க தங்கச்சி புள்ளைக்குத் தாய்மாமன் சீரு மட்டும் கொறையில்லாம செஞ்சிடுங்க."