முறிவெண்ணெய் குடித்த மாவுக்கட்டு

ஒன்றும் தெரியாதவனைக்கூடச் சமாளித்துவிடலாம்; பாதி தெரிந்தவன் கையில் எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில், நான் அந்தப் பாதி தெரிந்தவன்.

ஒரு மிளகுக் கம்பெனி, தன் கால்பந்து அணியில் ஒரு வருஷம் ஆடினால் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தது. பத்து மாதம் ஆடினேன். பதினோராவது மாதம் இடது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். தசைநார் அறுந்துவிட்டது என்றார் எறணாகுளத்து டாக்டர். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாரிலிருந்து ஒரு பட்டையைக் கீறியெடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்ததன் இடத்தில் கோத்துத் தைத்தார். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கவோ தேய்க்கவோ கூடாது, அடுத்த சீசனில் ஆடலாம் என்றார். கம்பெனியும் அதுவரை காத்திருப்பதாகச் சொன்னது.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஆபரேஷனை நானே விளக்கினேன். (மூன்றாம் நாளே எனக்கு டாக்டர் களை வந்துவிட்டது.) அம்மாவின் தம்பி, சேது மாமா மட்டும் மசியவில்லை. அடிபட்ட இடத்தில் வைத்தியர்கள் தேய்க்கும் முறிவெண்ணெய் படாமல் எந்த முட்டி தேறியிருக்கிறது என்பது அவர் கட்சி.

"டாக்டர் தேய்க்கப்படாதுன்னார், சரி. ஊத்தப்படாதுன்னு சொன்னாரோ?"

சட்டப்படி சரியாகத்தான் பட்டது. இரண்டு வைத்தியம் சேர்ந்தால் குணமும் இரண்டு மடங்கு என்று முடிவுகட்டினேன். எண்ணெய் வாங்கிவந்தது மாமா. தொடைப் பக்கம் புனல் வைத்து, எட்டு நாள், இரண்டு வேளையும் ஊற்றியது நான். தையல்வரை இறங்கட்டும் என்று காலைக் கட்டிலோரம் தொங்கவேறு விட்டேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் கொதித்தது. நாற்றம் தாங்காமல், பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே சாயா குடித்துவிட்டுப் போனார்கள். படகேறி டாக்டரிடம் ஓடினோம். மாவுக்கட்டை வெட்டித் திறந்தால் பஞ்செல்லாம் எண்ணெய், தையலெல்லாம் சீழ்.

"எந்தாடோ இது?" என்றார் டாக்டர்.

மாமா என்னைக் கைகாட்டினார். (அவர் புனலைத் தொடவில்லைதான்.)

மறுபடி திறந்து கழுவினார்கள். கால் பிழைத்தது; கோத்த நார் பிழைக்கவில்லை, முட்டியும் விறைத்துப்போனது. அந்த வேலை, அணியில் என் இடத்துக்கு வந்த பள்ளுருத்தி வர்கீஸுக்குப் போயிற்று. அன்று முழுக்க அழுதேன்.

பல வருஷம் கழித்து, மகன் கல்யாணப் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, நான் மட்டும் நாற்காலி கேட்டேன். சம்பந்தி அக்கறையாக விசாரித்தார். பழைய கால்பந்துக் காயம் என்று கொஞ்சம் கம்பீரமாகவே ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர் நன்னாத்தான் தச்சார். எண்ணெய் விட்டுத் தாளிச்சது இவராக்கும்."