ஒரு கேம்பர் நிறைய உப்பு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர் தீவனக் கடை ஆர்லோ. அவருக்குச் சொன்னவர் கஸ் எக்கார்ட். கஸ் எதையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார். அவர் என்றைக்கோ பிடித்த மீன்கள் இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மாடுகள் வரும் இடத்தில் கஸ் நூறு என்றாராம், ஆர்லோ முப்பது என்றார். நான் முப்பதையே வைத்துக்கொண்டேன். மற்றபடி கதையில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மெர்ல் ஸ்டாடர்ட் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்தக் கோடைக்குள் திறந்த தொட்டி வைத்த பெரிய பிக்கப் வண்டி வாங்கியே தீருவது. சும்மா பெரியது அல்ல. டீசல். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர். முப்பதாயிரம் பவுண்டை இழுத்துக்கொண்டு மலையேறும் ரகம்.

வயோமிங்கில் எங்கள் கிளியர்ஃபோர்க் ஊரில் ஒரு மனுஷனின் மதிப்பு அவன் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிக்கட்டில் மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் அடுத்த பேச்சு அதுதான். கஸ்ஸின் வண்டி இருபத்துநாலாயிரம். போதகரின் வண்டிகூடப் பதினெட்டாயிரம். மெர்லின் பழைய பிக்கப் ஒன்பதாயிரம். அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் மெர்லுக்கு இருமல் வந்துவிடும்.

மெர்ல் ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம். சாப்பாட்டு நாற்காலியில் மடித்து வைத்த ஏணி மாதிரி உட்காருவார். சாலையில் பனி தள்ளும் வண்டியை ஆயுசு முழுக்க ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி லவான் ஐந்தடிகூட இல்லை. பள்ளிக்கூடச் சமையல்காரராக இருந்தவர். மேல் அலமாரியில் எதை எடுக்கவும் முக்காலி வேண்டும். ஆனால் அந்த வீட்டில் எல்லாவற்றையும் மேலே இருந்து பார்ப்பவர் அவர்தான்.

“நம்ம வண்டிக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டார் லவான்.

“இழுக்க மாட்டேங்குது.”

“எதை?”

“பொதுவா.”

“பொதுவா எப்படி மெர்ல் இழுக்கும்? எதையாவது மாட்டினாத்தானே இழுக்கும். நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு கேம்பர். அதை அது நாய்க்குட்டி மாதிரி கூட்டிக்கிட்டுப் போகுது.”

அது உண்மைதான். அவர்களுடைய கேம்பர் சக்கரம் வைத்த சின்ன வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நின்றால் தோள் இடிக்கும் ஒரு குளியலறை. பழைய பிக்கப் அதை மூச்சு வாங்காமல் இழுத்தது.

இதில் இன்னொரு சிக்கல். லவானின் அப்பா விட்டுப்போன நாலு பெர்ஷரான் குதிரைகள் அண்ணன் ராய்ஸிடம் இருந்தன. கரிய நிறம், ஒவ்வொன்றும் ஒரு டன் எடை, குளம்பு சாப்பாட்டுத் தட்டு அகலம். ராய்ஸுக்கு முழங்கால் போய்விட்டது. குதிரைகளை நம் வீட்டுக்குக் கொண்டுவரலாம், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அப்பா மாதிரி வண்டியில் பூட்டி நான் ஓட்டுகிறேன் என்று லவான் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மெர்ல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். எனக்கு ஆசைதான், ஆனால் நம் வண்டி பாவம், அவ்வளவு எடையை இழுக்காதே என்பார். உண்மை வேறு. குதிரை இருக்கிற வீட்டில் மண்வாரி இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பனியை அள்ளிய மனுஷன் இனிமேல் எதையும் அள்ளுவதாக இல்லை.

ஆக, குதிரைக்கு இழுக்காத வண்டி கேம்பருக்கும் இழுக்காமல் போக வேண்டும். அதுவும் லவானின் கண்ணெதிரே. மெர்ல் யோசித்தார். கேம்பருக்குள் யாருக்கும் தெரியாமல் எடையை ஏற்றினால்?

கல் உருளும். மணல் சிந்தும், கேம்பர் தரையில் ஒரு சிட்டிகை மணலைப் பார்த்தால் லவான் விசாரணைக் கமிஷனே வைத்துவிடுவார். கடைசியில் தீவனக் கடை வாசலில் மெர்லுக்கு ஞானம் பிறந்தது. மாடு நக்குவதற்கான உப்புக்கட்டி. சதுரமாக இருக்கும், அடுக்கலாம், சிந்தாது, ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டு.

“என்ன மெர்ல், மாடு வாங்கிட்டியா?” என்று கேட்டார் ஆர்லோ.

“இல்ல இல்ல. வீட்டுக்குத்தான்.”

வீட்டு உபயோகத்துக்கு டன் கணக்கில் உப்பு வாங்கிய மனுஷனை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்று ஆர்லோ என்னிடம் சத்தியம் செய்தார்.

லவான் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் மெர்ல் உப்பை ஏற்றினார். கட்டிலுக்கு அடியில், இருக்கைகளுக்குக் கீழே, குளியலறையில் கூரை வரைக்கும். கேம்பர் முனகிக்கொண்டு கீழே இறங்கியது. டயர்கள் தொப்பை போட்டன.

ஜூன் மாதம் வழக்கம்போல மலை ஏரிக்குக் கிளம்பினார்கள். வழியில் டெட்ஹார்ஸ் ஏற்றம். ஆறு மைல், ஒரே செங்குத்து. பழைய பிக்கப் முதல் வளைவில் பெருமூச்சு விட்டது, இரண்டாவது வளைவில் இருமியது, மூன்றாவதில் தன் கடந்தகாலப் பாவங்களை நினைத்து அழுதது. சூடு காட்டும் முள் சிவப்பில் படுத்துக்கொண்டது. ஒரு வண்ணத்துப்பூச்சி கொஞ்ச தூரம் ஜன்னலோடு கூடவே வந்து, பொறுமை இழந்து முன்னால் போய்விட்டது. ட்ரெய்லர் நிறைய மாடுகளோடு கஸ் கையை ஆட்டியபடி தாண்டிப் போனார். திட்டம் தன்னுடையதுதான் என்றாலும் மெர்லுக்கு அது நெஞ்சில் குத்தியது.

லவான் நீலக் கம்பளி நூலில் எதையோ பின்னிக்கொண்டிருந்தார்.

“என்ன பின்றே?”

“மெத்தை உறை. உட்காரும்போது போட்டுக்க.”

“சர்ச்சுக்கா?”

“பார்க்கலாம். நீ ரோட்டைப் பாரு.”

உச்சியை அடைந்ததும் மெர்ல் எஞ்சினை ஆற விட்டு ஓரமாக நிறுத்தினார். இங்கேதான் அவர் ஒன்றை மறந்திருந்தார். கோடை முழுக்க அந்த மலைமேல் கஸ்ஸின் மாடுகள்தான் மேயும். கஸ் அவ்வப்போது பிக்கப்பில் உப்புக்கட்டி கொண்டுபோய்ப் போடுவார். அந்த மாடுகளுக்குப் பிக்கப் என்றாலே உப்பு.

முதலில் ஒரு பசு தலையைத் தூக்கியது. பிறகு இன்னொன்று. பிறகு சரிவு முழுக்கத் தூக்கியது. கன்றும் காளையுமாக முப்பது மாடுகள் கல்யாணப் பந்திக்கு ஓடுவதுபோல் ஓடி வந்து கேம்பரைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று கதவின் கைப்பிடியை நக்கியது. ஒன்று ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து விட்டது. குளியலறைச் சுவர்ப் பக்கம்தான் கூட்டம் அதிகம். கேம்பர் படகு மாதிரி ஆடியது. மெர்ல் தொப்பியைக் கழற்றி வீசி விரட்டினார். மாடுகள் தொப்பியையும் நக்கின.

“மெர்ல், இதுங்க ஏன் நம்ம கேம்பரை நக்குதுங்க?”

“மலை மாடு லவான். மனுஷங்களைப் பார்த்து நாளாச்சு. பாசம்.”

“அப்ப நம்மளைத்தானே நக்கணும்.”

அதற்குள் கஸ் மாடுகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். கேம்பரின் டயரைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். லவான் பின்னலிலிருந்து தலையை லேசாக நிமிர்த்தி அவரைப் பார்த்தார். கஸ் வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஊர் வரலாற்றில் அது முதல் தடவை.

“பாவம் இந்த வண்டி,” என்றார் லவான், ஊசியை மறுபடி நகர்த்தியபடி. “நீ சொன்னது சரிதான் மெர்ல். புதுசு வாங்கிடலாம்.”

மெர்லுக்குக் காது குளிர்ந்தது. அன்று ஏரிக்கரையில் மூன்று கிண்ணம் காரமான பீன்ஸ் சில்லிக் குழம்பும், தொட்டுக்கொள்ள லவான் பட்டைத்தூள் போட்டுச் சுட்ட இனிப்பு ரொட்டிச் சுருளும் சாப்பிட்டார். குளியலறைக் கதவு இறுகிக்கொண்டது, திறக்க முடியாது என்று அவர் சொன்னதை லவான் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு ஏரியிலேயே குளித்தார். இப்படி ஒரு பெண் யாருக்குக் கிடைப்பாள் என்று மெர்ல் ஒரு தவளையிடம் கேட்டாராம். இது கஸ் சொன்னது. தவளைக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த வாரம் வண்டி விற்கும் இடத்தில் லவான் கேட்ட கேள்விகளைப் பார்த்து மெர்லுக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பதாயிரம் என்றால் நிஜமாகவே முப்பதாயிரமா என்று விற்பனையாளரைக் கேட்டார். ஏறுவதற்கு இரண்டு பக்கமும் தாழ்வாகப் படி வைக்கச் சொன்னார். பின்தொட்டியின் நடுவில், கனமான ட்ரெய்லர்களை மாட்டும் இரும்பு உருண்டையும் வேண்டும் என்றார்.

“கேம்பருக்கு அது வேண்டாமே. பின்னாடி பம்பர்லயே மாட்டிக்கலாம்,” என்றார் மெர்ல்.

“இருக்கட்டும். இவ்வளவு பெரிய வண்டி வாங்கிட்டு அதுல போய் மிச்சம் பிடிப்பாங்களா?”

மெர்லின் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிக்கட்டில் இருமல் வரவில்லை. முப்பதாயிரம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முடிவெட்டும் கடையிலும் சொன்னார். பல் மருத்துவரிடம் வாயில் கருவி இருக்கும்போதே சொன்னார். சந்தோஷத்தில் கேம்பரிலிருந்த உப்பை இறக்கவே மறந்துபோனார்.

சனிக்கிழமை, புது வண்டியில் ஒரு சுற்றுப் போய் ராய்ஸுக்குக் காட்டலாம் என்றார் லவான். மெர்ல் வண்டியைத் துடைத்துத் துடைத்து அதில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

ராய்ஸின் முற்றத்தில் ஒரு நீண்ட குதிரை ட்ரெய்லர் நின்றது. அதன் கழுத்து ஒரு பின்தொட்டி உருண்டையை எதிர்பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு குதிரைகள், உடம்பு தேய்த்து, வால் முடிந்து, ஊருக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ராய்ஸ் கைத்தடியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மெர்லுக்கு இருமல் ஆரம்பித்தது.

“மொத்தம் எவ்வளவு வரும் ராய்ஸ்?” என்றார் லவான்.

“ட்ரெய்லரோட சேர்த்து ஒரு பதினெட்டாயிரம்.”

“நம்ம வண்டி எவ்வளவு இழுக்கும் மெர்ல்?”

ஊரில் தெரியாத ஆள் இல்லை. இருந்தாலும் மெர்லின் தொண்டையிலிருந்து அந்த எண் ஊர்ந்துதான் வெளியே வந்தது.

“முப்பதாயிரம்.”

“அப்ப அப்பாவோட குதிரை வண்டியையும் கூட ஏத்திக்கலாம்.”

ராய்ஸ் குதிரைகளின் தலையைத் தடவிக்கொண்டே தங்கைக்குப் பக்குவம் சொன்னார். வைக்கோல் இவ்வளவு, ஓட்ஸ் இவ்வளவு. “அப்புறம் உப்புக்கட்டி நிறைய வாங்கி வை. இதுங்க உப்புன்னா உயிரை விடும்.”

“வாங்க வேண்டாம்,” என்றார் லவான். “எங்க குளியலறையில கூரை வரைக்கும் இருக்கு.”

சொல்லும்போது மெர்ல் பக்கம் திரும்பக்கூட இல்லை. மெர்ல் போய்க் குதிரையின் பின்னால் நின்றுகொண்டார். மறைந்துகொள்ள அவர் அளவுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் அதுதான் இருந்தது.

ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்தை நானே பார்த்தேன். நாலு கரிய குதிரைகள், மேலே கடிவாள வார்களைப் பிடித்து ராணி மாதிரி லவான். பின்னாலேயே, ஊர் வழக்கப்படி, மண்வாரியும் தள்ளுவண்டியுமாக மெர்ல். குதிரைகளுக்குக் கைதட்டல் கிடைத்தது. ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் மெர்லுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல். பாதி வழியில் அவருக்கே குஷி வந்துவிட்டது. அள்ளிவிட்டுத் தொப்பியைக் கழற்றி இரண்டு பக்கமும் வணங்க ஆரம்பித்தார். தபால் அலுவலக முனையில் மறுபடி ஒருமுறை வணங்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது.

இதெல்லாம் லவானுக்கு எப்போது தெரிந்தது என்று ஆர்லோவிடம் கேட்டேன். அவர் உடனே ஆணி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மெர்ல் தோற்றதாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. “குதிரை அவளோடதா இருக்கட்டும்ப்பா,” என்கிறார் எல்லாரிடமும். “முப்பதாயிரம் பவுண்டு இழுக்கிற வண்டியை ஓட்டுறது நான்தானே.”

போன வாரம் அந்த வண்டி தீவனக் கடை வாசலில் நின்றது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிற இருக்கை முன்னால் கடைசி வரை தள்ளப்பட்டு ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீலக் கம்பளி உறை போட்ட மெத்தை.