பதினெட்டாவது டப்பா

“பதினேழு! வந்து எண்ணிப் பாருங்க, பதினேழு!”

“கத்தாதே டீச்சர், ஜன்னல் திறந்திருக்கு.”

“திறந்தே இருக்கட்டும். ஒரு ஆம்பளைக்கு எதுக்குங்க பதினேழு டப்பா?”

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எதிர்வரிசை ஜன்னல்களும் திறந்திருந்தன. யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. காது அந்தப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது மாடி வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘கமகம’ என்று பெயர். பெரிய கடையொன்றில் வாசனைத் திரவியம் விற்பவர். அவர் படியிறங்கிப் போய்க் கால் மணி நேரம் கழித்தும் அவர் போனது தெரியும். தலைக்கு இரண்டு, முகத்துக்கு நாலு, அக்குளுக்கு மூன்று என்று உடம்பை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் பூசுவார். மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. டீச்சரைச் சோதித்துக் குறையொன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து இவர் முறை, விந்துப் பரிசோதனை.

லேபுக்கு இவர் போன அழகைத் தெருவே பார்த்தது. காய்கறிப் பையை மார்போடு அணைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்துப் போனார். வாசலில் நின்ற உதவியாளர் அம்மாவின் கையில் பையைத் திணித்துவிட்டு ஓட்டமாக ஓடிவந்தார்.

அந்த ரிப்போர்ட் வந்த நாள்தான் இந்தச் சண்டை.

“டாக்டர் என்ன சொன்னாரு? ஆள் எண்ணிக்கை நாலு கோடி இருக்கு. ஆனா நூத்துல மூணுதான் நகருது. மிச்சமெல்லாம் அப்படியே கிடக்கு!”

“நாலு கோடியா!” கமகம வாயைப் பிளந்தார். “எனக்குள்ளயா?”

“பெருமைப்படாதீங்க, ஒருத்தரும் நடக்கல. வாசனை நிக்கறதுக்கும் க்ரீம் கெடாம இருக்கறதுக்கும் போடற கெமிக்கலெல்லாம் ஹார்மோனைக் குழப்பலாம்னு ஆராய்ச்சி சொல்லுதாம். உறுதியா சொல்ல முடியாது, ஆனா குறைச்சுப் பாருங்கன்னாரு. புதுசா உருவாகி வர கிட்டத்தட்ட மூணு மாசமாம். மூணு மாசத்துக்கு ஒரு சொட்டு பூசக் கூடாது. இரண்டாவது ரிப்போர்ட்டும் இப்படியே வந்தா...” டீச்சரின் குரல் அங்கே உடைந்தது. எதிர் ஜன்னல்களிலும் மூச்சு நின்றது.

“சரிம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ.”

டீச்சர் வாளியில் அடுக்கினாள். திடீரென்று நின்றாள். “பதினெட்டு இருக்கணுமே. அந்த ரோஜா க்ரீம் எங்கே?”

“அது... தீர்ந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“தீர்ந்த டப்பாவுக்குள்ள விரலை விட்டு ஒரு வாரம் வழிக்கிற ஆளு, தூக்கிப் போட்டீங்களா?”

கமகம வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஒன்று குறைந்தால் டீச்சருக்குச் சோறு இறங்காது. அந்தப் பதினெட்டாவது அவள் மனசில் முள்ளாய் நின்றது.

பதினேழும் டீச்சரின் தம்பிக்குப் போயின. பைக் மெக்கானிக். கிரீஸ் நாற்றத்தால் மூன்று பெண் வீட்டார் காபி குடிக்காமலே எழுந்துபோன பையன்.

“மாமா, இதெல்லாம் எனக்கா?”

“எடுத்துக்க மாப்ளே. பார்த்துப் பூசு, ஒரேயடியா அள்ளாதே,” என்ற கமகமவின் குரல், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பனுடையது.

முதல் வாரமே கடையில் வினை. வாசனை விற்பவரிடமிருந்து வியர்வை வீசினால் யார் வாங்குவார்? மேனேஜர் மூக்கைப் பொத்தினார். கமகம ஓடிப்போய் ‘வாசனையற்றது’ என்று எழுதிய சோப்பு வாங்கினார். டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாள்.

“ஏங்க, வாசனை தெரியாம இருக்கறதுக்கே ஒரு வாசனை போட்டிருக்கான்!”

அந்தத் தந்திரத்தை இருவரும் வியக்க, சோப்பும் தம்பி வீட்டுக்குப் போனது. அடுத்து சமையல் சோடா. அக்குளில் பூசினார், தோல் தீயாய்ச் சிவந்தது. நான்கு நாள் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு, பறக்கத் தயாராகும் கொக்கு மாதிரி கவுண்டரில் நின்றார். பிறகு எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு போனார். அதுதான் உச்சம்.

“உங்க மேல வீசுதே, அந்த சென்ட்தான் வேணும்,” என்று பிடிவாதம் பிடித்தாள் ஒரு பணக்கார அம்மாள்.

“இது எலுமிச்சைங்க. காய்கறிக் கடையில கிடைக்கும்.”

அம்மாள் அங்கேயே போய் வாங்கினாள். மேனேஜர் அன்றைக்கே அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார், வாளியும் துடைப்பமும் விற்க.

இடிந்துபோவார் என்று தெருவே காத்திருந்தது. மனிதர் அதிசயப்பட்டபடி திரும்பிவந்தார். “டீச்சர், ஈர மண்ணுக்கு ஒரு வாசனை இருக்கு. புதுத் துடைப்பத்துக்கு இருக்கு. உன் கையில சாக்பீஸ் வாசனை வருது! ஆறு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது!” அன்றைக்கு அந்த ஜன்னல் சாத்தப்பட்டது. எதிர்வரிசைக்காரர்கள் நாங்களும் வேறு வேலை பார்க்கப் போனோம்.

மூன்று மாதம் முடிந்தது. இரண்டாவது சோதனை. லேபில் கொடுத்த கப்பில் கொட்டை எழுத்தில் லேபின் பெயர். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், உடம்புச் சூடு ஆறக் கூடாது. சட்டைக்குள் கப்பை வைத்து மார்பைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

“ஐயோ, நெஞ்சு வலியா?” என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டோம். ஒருவர் ஆட்டோவைக் கூப்பிட்டார், ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

“விடுங்கய்யா! உள்ள நாலு கோடி பேர் காத்திருக்காங்க!”

வழி விட்டோம். அப்படியொரு ஓட்டத்தை இந்தத் தெரு பார்த்ததில்லை.

லேப் பெண் நல்லவள். மைக்ரோஸ்கோப்பில் இருவரையும் பார்க்கவிட்டாள். டீச்சர்தான் முதலில் குனிந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

“ஏங்க... ஊரே ஓடுதுங்க.”

வெளிச்ச வட்டத்துக்குள் ஆயிரமாயிரம் வால்கள். முட்டி, மோதி, விலகி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே அத்தனை அவசரம்.

“நெஞ்சு ஒரு தடவை துடிக்கறதுக்குள்ள ஆயிரம் புதுசா உருவாகுது,” என்றாள் லேப் பெண். “தூங்கும்போதுகூட.”

கமகம தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆயிரம். ஆயிரம். ஆயிரம். கீழ்த்தளத்தில் வாளி விற்கிற ஒரு சாதாரண மனுஷனுக்குள் இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறதா!

“ஆனா பாவம், ரொம்ப மென்மை,” என்றாள் அவள். “கப்புல சோப்போ க்ரீமோ துளி ஒட்டியிருந்தாப் போதும், அப்படியே சுருண்டுடும். அதான் சுத்தமான கப் குடுத்து அனுப்பறோம்.”

அவர் முகம் ஏன் வெளுத்தது என்று டீச்சருக்கு அப்போது புரியவில்லை.

அப்புறம் நடந்தவை எல்லாம் மங்களம். மெக்கானிக் தம்பி ஒருநாள் மாமாவைப் பார்க்கக் கமகமவென்று கடைக்கு வந்தான். நகப்பூச்சுக் கவுண்டர் பெண் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே அவனைப் பிடித்தாள். கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குக் குடிபோனார்கள். போகும் முன், கணக்கு விட்டுப்போகக் கூடாதென்று பதினேழு டப்பாவையும் டீச்சர் எண்ணி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் டீச்சருக்கு நாள் தள்ளிப்போனது. அதே லேபில் சோதித்தார்கள். உறுதி! இருவரும் அழுதுகொண்டே சிரித்து, லேபிலேயே எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

“எல்லாம் அந்த மூணு மாசப் பத்தியம்!” என்றாள் டீச்சர் பெருமையோடு. கமகம கதவைப் பார்த்து நகர்ந்தார்.

இனிப்பை வாயில் போட்டுக்கொண்ட உதவியாளர் அம்மா அவரை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தாள்.

“சார், முதல் தடவை ரோஜா க்ரீம் டப்பாவுல போட்டுக் கொண்டாந்தீங்களே, நான்தான் அதை வழிச்சு நம்ம கப்புல ஊத்தி உள்ள அனுப்பினேன், டப்பாவை இப்ப ஊசி நூல் போட்டு வச்சிருக்கேன், எத்தனை தடவை கழுவினாலும் அந்த க்ரீம் வாசனை போகவே மாட்டேங்குது சார்!”