ஒரு பிளக்குக்கு ஒரு செயற்குழு

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது செயற்குழுதான். சக்கரம் மேட்டைக் கண்டால் திணறும். செயற்குழு எந்த மேட்டிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிக்கும். சந்தேகப்படுவோர் 1998-இல் மலாக்கா மாநிலத்தில் எங்கள் ஊரான பெம்பானில் நடந்ததைக் கேட்டுத் தெளிவார்களாக.

செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வேலை இழந்தவள் அனுசியா. கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று அவளிடம் மடிக்கணினியைக் கொடுத்து, 'எங்கே வேண்டுமானாலும்' உட்கார்ந்து வேலை செய், வெள்ளிக்கிழமைதோறும் முடித்ததைப் போன் லைன் வழியாக அனுப்பு என்றது. மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரு வெள்ளி தவறினாலும் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

'எங்கே வேண்டுமானாலும்' என்று சொன்னவர்கள் அவள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டைப் பார்த்ததில்லை. அங்கே தோட்டத்து எஞ்சின் ஓட்டித் தரும் கரண்ட் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். போன் வரவே வராது. செங்கில் ஒரு தோழியின் வாடகை அறையில் உட்கார்ந்து அனுசியா சமாளித்து வந்தாள். தோழிக்கும் வேலை போய், அவள் அறையைக் காலி செய்யும் நாள் நெருங்கியது.

அனுசியா எங்கள் ஊர்த் தமிழர் சங்கத் தலைவர் தம்புசாமியிடம் வந்தாள். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒரு பிளக், ஒரு போன் லைன், ஒரு மேச. இது மட்டும் இருந்தா போதும் அங்கிள்."

சாதாரண மனிதராக இருந்தால் ஏதாவது ஒரு பிளக்கைக் காட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். தம்புசாமி அன்றே 'பெம்பான் தமிழர் தகவல் யுக மேம்பாட்டுச் செயற்குழு'வை அமைத்தார். விளம்பரப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பொறுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆய்வு, செயற்குழுவின் பொருளாளர் சேகரனின் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. கடையில் இருந்தது ஒரே பிளக். அது ஐஸ் பெட்டிக்குச் சொந்தம். பெரிய மனதோடு சேகரன் அதைப் பிடுங்கி அனுசியாவுக்குக் கொடுத்தார். அரை மணி கழித்து வந்து நின்றார்.

"இன்னும் முடியலயா மா? ஒன் வேல முடியறதுக்குள்ள என் மீனு கெட்டுரும் லா."

"சாயங்காலம் வரைக்கும் ஆகும் அண்ணே."

"அப்ப மீனையும் நீயே வாங்கிக்க."

அடுத்து மலாக்கா பட்டணத்து நூலகம் ஒன்று. அமைதியான இடம். பையோடு உள்ளே போகக் கூடாது என்றார்கள். பையிலிருந்து கணினியை வெளியே எடுத்தாள். மின்சாரப் பொருளோடும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெய்சிலிர்த்துத் திரும்பினோம்.

மூன்றாவது ஆய்வு உம்பாய் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில். வேனில் இடம் போதாததால் அனுசியாவை அழைத்துப் போக முடியவில்லை. செயற்குழு இரண்டு மணி நேரம் சுட்ட மீனோடு போராடியது. காற்று சிந்தனைக்கு உகந்தது, சம்பல் காரம் சரி என்று ஏகமனதாக முடிவாயிற்று. பிளக் இருந்ததா என்று பார்க்க மறந்துவிட்டோம்.

கடைசியில்தான் எங்கள் சங்க மண்டபத்தின் பக்கத்து அறை நினைவுக்கு வந்தது. மேசை, காற்றாடி, இரண்டு பிளக், தலைவரின் சொந்த உபயோகத்துக்கு ஒரு போன். நாங்கள் கூட்டம் போட்டதெல்லாம் அந்த அறையில்தான். இருந்தாலும் ஆய்வு செய்யாமல் ஒரு முடிவுக்கு வந்துவிடலாமா? அனுசியா புதன்கிழமை காலையிலேயே கணினியோடு வந்துவிட்டாள்.

"இன்னைக்கே உக்காரலாமா அங்கிள்? வெள்ளிக்கெழம அனுப்பணும்."

தம்புசாமி சிரித்தார். "ஒக்காரலாம் மா. தெறப்பு விழா முடியட்டும். ஒய்.பி. தேதி கொடுத்திருக்காரு, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம."

ஒய்.பி. என்றால் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

"அதுக்குள்ள ரெண்டு வெள்ளிக்கெழம போயிரும் அங்கிள்."

"நீ இப்பவே உள்ள உக்காந்து வேல செஞ்சா, அப்புறம் ஒய்.பி. வந்து என்னாத்த தெறப்பாரு?"

அனுசியா விடாமல் கேட்டாள். "நான் உள்ள வரல. வெளிய உக்காந்துக்கறேன். வயர மட்டும் ஜன்னல் வழியா விடறேன்."

சேகரன் ஜன்னலைச் சாத்தினார். "ஜன்னல் வழியா தெறந்தாலும் தெறந்தது தெறந்ததுதான் மா."

வெள்ளிக்கிழமை அனுசியா பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய்க் கடை கடையாகப் பிளக் கேட்டாள். ஒரு போட்டோஸ்டாட் கடைக்காரர் மறுநாள் காலை இடம் கொடுத்தார். சனிக்கிழமை வேலையை அனுப்பினாள். கம்பெனி சனிக்கிழமையை வெள்ளிக்கிழமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஆள் வந்து கணினியை வாங்கிக்கொண்டு போனார். அவள் அழுதாள் என்று பஸ் நிலையத்தில் பார்த்தவர்கள் சொன்னார்கள். விழா வேலைகள் தலைக்கு மேல் இருந்ததால் செயற்குழுவால் அதைக் கவனிக்க முடியவில்லை.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. இரண்டு மணி நேரம் மட்டுமே தாமதமாக வந்த ஒய்.பி. ரிப்பனை வெட்டினார். ஒரு பிளக்கில் மைக் செட், இன்னொன்றில் தேநீர்க் கொதிகலன். மேசைமேல் கணினி வைக்க வேண்டிய இடத்தில் மாலைகளை வைத்தோம். பயனாளர் ஒருவர் வேண்டுமே என்று அனுசியாவை நானே நேரில் போய் அழைத்து வந்திருந்தேன்.

"நீங்கதான் இங்க வேல செய்யறீங்களா?" என்று ஒய்.பி. அன்போடு கேட்டார்.

"இல்லைங்க சார். எனக்கு வேல போயிருச்சு. இந்த ரூம தெறக்கறதுக்குள்ள போயிருச்சு."

செயற்குழுவினர் அவசரமாக மாலைகளைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். தம்புசாமி மட்டும் கலங்கவில்லை. நெருக்கடியில்தான் தலைமை தெரியும். அவர் மைக்கை நோக்கி நடந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அனுசியாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பின்னாலேயே போனாள்.

"வேல நானே தேடிக்கறேன் அங்கிள். உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், குழு மட்டும் போட்டுறாதீங்க."

அன்று மாலையே 'வேலையிழந்தோர் மறுவாழ்வுச் செயற்குழு' ஒய்.பி. முன்னிலையில் உதயமானது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் இருவர், விளம்பரத்துக்கு மீண்டும் அடியேன். கைதட்டல் அடங்குமுன் அனுசியா வெளியேறியது சபை நாகரிகமல்ல என்று சிலர் வருந்தினார்கள்.

எங்கள் சேவையால் ஒரு பெண்ணுக்கு இருந்த வேலை போனது என்று ஊரில் இப்போது பேசுகிறார்கள். ஏழு பேருக்குப் பதவி கிடைத்ததை ஒருவரும் சொல்வதில்லை.