வலிக்காத கல்லும் நாலு பேர் தூக்கிய தூளியும்

வலிக்கிற நோயை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். வலிக்காத நோய் வந்தவன் பாடுதான் திண்டாட்டம். முனகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. எனக்கு அப்படி ஒன்று வந்தது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். மலைமேல் குண்டனி நாட்டில் சாமையும் மிளகும் போட்டுக்கொண்டு, கல்யாணமாகி ஒரு வருஷமான திமிரோடு நான் திரிந்த வயசு.

பலாமரத்திலிருந்து விழுந்தேன். (பழம் பறிக்கும்போது கிளை ஒடிந்தது என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். பெண்டாட்டி பார்க்கிறாளே என்று இரண்டு கையையும் விட்டுக் காட்டியதுதான் நிஜம்.) இடுப்பு வீங்கிப்போய், சேலத்தில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. டாக்டர் மட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சிறுநீரகத்துல ஒரு கல் இருக்கு. வலிக்குதா?"

"இல்லீங்க."

"நீர் போகும்போது எரிச்சல், ரத்தம்?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"அசையாம கிடந்தா கிடக்கட்டும்னு விட்டுடலாம். என்னைக்காவது நகந்து அடைச்சுதுன்னா உசுரு போற வலி வரும். இல்லைன்னா இப்பவே விலாவுக்குக் கீழ அறுத்து எடுத்துடலாம். அதுலயும் ஆபத்து இருக்கு, எந்திரிக்காம போனவங்களும் உண்டு. செவ்வாய்க்கிழமையானா நான் சேந்தமங்கலத்துக்கு வருவேன். யோசிச்சு வந்து சொல்லு."

யோசிக்கச் சொன்னாரே, அதுதான் வினை. அதுவரை நான் யோசித்தே பழக்கமில்லாதவன்.

மலைக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் களத்துமேட்டுப் பாறையில் ஏறித் தொப்பென்று குதிப்பேன், வலிக்கிறதா என்று பார்க்க. வலிக்காது. உடனே, 'அடப்பாவி, குதித்ததில் நகர்ந்திருந்தால்?' என்று பயம் வந்து, பொழுது சாயும்வரை ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பேன். மறுநாள் மறுபடி பாறை.

என் பெண்டாட்டி வெள்ளையம்மா அப்போது ஐந்து மாசம். "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையா இருக்குதுங்க. அது உங்களை என்ன பண்ணுச்சு? கிடந்துட்டுப் போகுது" என்பாள். சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

அவள் அண்ணன் பொன்னான் வேறு கட்சி. மலையாட்டம் ஆள். "முள்ளு மரத்த முளையிலயே கிள்ளோணும் மாப்ள. நாளைக்கு நடுராத்திரி வலி வந்தா எவன் தூக்கிட்டு ஓடறது?" என்பார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் அவள் பக்கம், மச்சான் பேச்சைக் கேட்டால் அவர் பக்கம். ஒரு மாசம் இப்படியே ஆடினேன். பிள்ளை முகம் பார்க்காமல் கத்தியில் போய்விடுவேனோ, பிள்ளை பிறக்கிற அன்றைக்கு நான் வலியில் உருளுவேனோ என்று இரண்டு பயமும் மாறி மாறிப் பிடுங்கித் தின்றன.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, எரிச்சல் தாங்காமல், "அறுத்துக்கறேன், போதும்" என்று சொல்லிவிட்டேன். வெள்ளையம்மா அன்று சோறு தின்னவில்லை.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. நோயாளியை இறக்க மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து தோள் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கென்ன கேடு, நடந்தே போயிருக்கலாம். ஆனால் இறக்கத்தில் நடந்தால் கல் ஆடிவிடும் என்று நானேதான் தூளி கேட்டேன். (நெல்லிக்காய் மூட்டையா நான், ஆடிச் சிந்துவதற்கு? அப்போது அந்தப் புத்தி இல்லை.) மறுநாள் விடியலில் பொன்னானும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். ஊரே வந்து அழுதது. நானும் செத்தவன் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில் மச்சான் கால் பாசியில் வழுக்கியது. நான் பொத்தென்று புதருக்குள் விழுந்தேன். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மச்சானுக்குக் கணுக்கால் பிசகி, பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. மிச்சம் மூன்று பேர். தூளிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னங்க, கல்லு ஆடுமுங்களா?" என்றான் ஒருத்தன்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மச்சானைத் தூளியில் போட்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். அந்த மனுஷன் கனம் இருக்கிறதே, பத்து அடிக்கு ஒருதரம் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

சேந்தமங்கலத்தில் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "யாருக்கு என்ன?"

"கால் பிசகிடுச்சுங்க, எங்க மச்சானுக்கு."

"சரி. யோசிச்சு வரச் சொன்னேனே, அந்தக் கல்லுக்காரன் வரலையா?"

"நான்தானுங்க அது."

அவர் என் தோளில் இருந்த மூங்கிலைப் பார்த்தார். தோல் உரிந்த என் தோளைப் பார்த்தார்.

"இவரைத் தூக்கிட்டா மலை இறங்கின? இப்ப வலிக்குதா?"

"தோள் வலிக்குதுங்க."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்கே நகராத கல்லை நான் எதுக்கு இன்னைக்கு அறுக்கோணும்? நிறையத் தண்ணி குடி. வருஷத்துக்கு ஒருக்கா வந்து படம் எடுத்துக்கோ. வலிச்சா அன்னைக்கே வா" என்று அனுப்பிவிட்டார். வெட்கமாகவும் இருந்தது, அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள், கட்டுப் போட்ட காலோடு மச்சானைத் தூளியில் மலை ஏற்றினோம். அவர் வெயிலுக்கு முகத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். இது ஆகாது என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன தூளி முகம் மூடி மலை ஏறினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஊர் எல்லையில் வெள்ளையம்மா நின்றிருந்தாள். தூளியைப் பார்த்ததும் "என்னை உட்டுட்டுப் போயிட்டீங்களே சாமி" என்று மண்ணில் விழுந்தாள். நான் மூங்கிலின் பின்முனையில் இருந்தேன், அவள் கண்ணில் படவில்லை. மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினேன். மச்சான் தரையில் விழுந்து விழித்து அலறினார்.

"நான் இங்க இருக்கறேன், கண்ணு."

என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப உள்ள யாருங்க?"

"உங்கண்ணன்."

பளாரென்று ஒன்று விட்டாள். எங்கள் ஊரில் புருஷனை அடித்த முதல் பெண்பிள்ளை அவள்தான். அடித்த கையாலேயே என்னை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

அந்தக் கல் இன்றும் உள்ளேதான் இருக்கிறது, ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. வாயைத் திறப்பதெல்லாம் என் வீட்டார்தான். எனக்குத் தலைவலி என்றால்கூடப் போதும், பேரன் பேத்திகள் வெள்ளையம்மாவிடம் ஓடிப்போய், "தாத்தா யாரைத் தூக்கிட்டுப் போகப் போறாரு?" என்று கேட்கிறார்கள்.